கொலராடோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் நான் சொல்வதில் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை, மீதியை நானே அவசரத்தில் விழுங்கிவிடுகிறேன் என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். "ஜி.பி.எஸ்.தான் உயரம் காட்டுகிறதே, அப்புறம் எதற்கு விமானம் விட்டு ஈர்ப்பை அளக்கிறார்கள்?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இவ்வளவு பெரிய பதில்.

முதலில் இங்கத்திய நிலவரம். வந்து எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இப்போதுதான் நின்றிருக்கிறது. நான் அடிக்கடி போய்வரும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரையே சுமார் 2,300 மீட்டர். பெயர்தான் பள்ளத்தாக்கு. உதடு வெடிக்கிறது, மூக்கு காய்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் "தண்ணீர் குடி" என்கிறார்கள். இன்னும் அடி, அங்குலம்தான். அதிலும் இரண்டு வகை அடி வைத்திருந்தார்கள், சர்வேக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். 2022-ஆம் ஆண்டோடு சர்வே அடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டாலும் பழைய கோப்புகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. காலமெல்லாம் சர்வே வேலை பார்த்த நீங்கள் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜி.பி.எஸ். தரும் உயரம், எலிப்சாய்டு என்கிற கணக்குப் பந்தின் மேலிருந்து அளந்தது. தண்ணீருக்கு அந்தப் பந்தைத் தெரியாது. ரசமட்டத்தின் குமிழி யார் பேச்சைக் கேட்டு நடுவில் நிற்கிறதோ, அவர் பேச்சைக் கேட்டுத்தான் வாய்க்காலும் ஓடுகிறது. அவர்தான் ஈர்ப்பு. அலையில்லாத கடல்மட்டத்தை அப்படியே கரைக்குள்ளும் மலைக்கடியிலும் இழுத்துக்கொண்டு போனால் வருகிற பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் அது மேடும் பள்ளமுமானது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, எலிப்சாய்டுக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. கப்பல் அதற்குள் போய் வந்தாலும் மாலுமிக்குத் தெரியாது. அங்கே அதுதான் மட்டம்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்கும். இந்த நாடு இத்தனை காலம் நம்பியிருந்த 1988-ஆம் ஆண்டு உயரத் தளம், அதாவது எல்லா உயரத்துக்கும் பூஜ்யமாக வைத்த அடிப்படை, உங்கள் வழியில் வந்ததுதான்: லெவல், ஸ்டாஃப், பேக் சைட், ஃபோர் சைட் என்று அளவுகோலைப் பின்னும் முன்னும் நிறுத்தி உயர வித்தியாசம் பார்ப்பது. கனடாவில் ரிமூஸ்கி என்ற ஊரின் ஒரே ஒரு கடல்மட்டக் குறியைப் பிடித்துக்கொண்டு கண்டம் முழுக்க நடந்திருக்கிறார்கள். லெவல் வைத்த ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்கே படாத பிசகு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சேர்ந்துவிட்டது. செயற்கைக்கோள் வந்த பிறகு பார்த்தால் மொத்தத் தளமும் சுமார் அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. ஃப்ளோரிடா மூலையிலிருந்து வாஷிங்டன் மாநில மூலைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் சாய்வு வேறு. மறுபடியும் லெவல் பார்க்க யாருக்கும் காலமும் இல்லை, காசும் இல்லை. அதனால் நாட்டின் உயரங்களையும் இடங்களையும் அளந்து வைக்கும் அரசுத் துறையான தேசிய ஜியோடெடிக் சர்வே 2007-இல் விமானத்தில் ஈர்ப்பு அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஜியாய்டை ஓரிரு சென்டிமீட்டருக்குள் பிடித்துவிட்டால், ஜி.பி.எஸ். உயரத்திலிருந்து அதைக் கழித்தாலே போதும்.

விமானத்துக்குள் இருக்கும், ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டர் என்பது, சுருக்கமாகச் சொன்னால், சுருள்வில்லில் நிற்கும் ஒரு சின்ன எடை. எங்கள் அலகு மில்லிகல். நம் கல் இல்லை அப்பா, கலிலியோவின் பெயரைச் சுருக்கியது. பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காற்றுக் குலுக்கல் விமானத்தைத் தூக்கிப் போடுவது பத்தாயிரக்கணக்கான மில்லிகல். நாங்கள் தேடுவது அதற்குள் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டை. குலுக்கலை ஜி.பி.எஸ். வைத்துக் கணக்கிட்டுக் கழிக்கிறோம். பூமி சுற்றுவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. கொலராடோவில் கிழக்கு நோக்கி 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர்) வேகத்தில் பறந்தால் கருவி 1,300 மில்லிகல்லுக்கு மேல் இலேசாகிவிடும், மேற்கே திரும்பினால் கனக்கும். ஹங்கேரியைச் சேர்ந்த எட்வஷ் கண்டுபிடித்த விளைவு இது. முதல் வாரம் இதில் கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டு அசடு வழிந்தேன்.

விமானத்தின் பலம், மலையோ ஏரியோ பார்க்காமல் ஒரே சீராக அளந்துகொண்டு போவது. பலவீனம் அதன் உயரம். தரைக்கு 4 கிலோமீட்டர் மேலே பறந்தால், ஈர்ப்பில் 10 கிலோமீட்டர் அலைநீளமுள்ள ஏற்ற இறக்கம் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தரையில் அது எப்படி இருந்தது என்று தெரிய பன்னிரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கினால் கருவியின் இரைச்சலும் பன்னிரண்டு மடங்கு. தரையிலேயே ஈர்ப்பு அளந்த புள்ளிகள் இதற்கு நேர் எதிர். நுணுக்கம் எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது, ஆனால் சாலை போன பக்கம் மட்டும். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் யார் யாரோ அளந்தவை. அதனால் நீண்ட அலைகளுக்குச் செயற்கைக்கோள், நடுத்தரத்துக்கு விமானம், குட்டி அலைகளுக்குத் தரையும் மலையின் உருவமும் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறோம். எந்த இடத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பது என்பதில்தான் அலுவலகத்தில் சண்டை. ஆளுக்கொரு கட்சி. நான் விமானக் கட்சி.

போன மாதம் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும். தரைப் புள்ளிகளைக் கணக்கில் விமான உயரத்துக்குத் தூக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் பூஜ்யத்தைச் சுற்றி நிற்க, ஒரு பழைய அளவையின் புள்ளிகள் மட்டும் கூட்டமாகப் பெரிதாக நின்றன. விமானம்தான் தப்பு பண்ணியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் அந்தப் பறப்பைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டேன். ஒன்றும் அசையவில்லை. மேலதிகாரி வந்து திரையைப் பார்த்து, எவ்வளவு அதிகம் என்று கேட்டார். தரையில் பார்த்தால் பதினான்கு மில்லிகல் என்றேன். சிரித்துவிட்டார். "போட்ஸ்டம்!"

விஷயம் இதுதான். நூறு ஆண்டுக்கும் முன்பு ஜெர்மனியின் போட்ஸ்டம் நகரில் ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தார்கள். உலகமே அந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டது. அது சுமார் 14 மில்லிகல் அதிகம் என்று பின்னால் தெரிந்து, 1971-இல் உலகம் முழுவதற்குமான புதிய ஈர்ப்பு அளவு வலைக்கு மாறினார்கள். இந்தப் பழைய அளவையை மட்டும் எவரோ மாற்ற மறந்திருக்கிறார்கள். பதினான்கைக் கழித்தேன், எல்லாம் வரிசையில் வந்து நின்றது. பல ஆண்டாக யார் கண்ணிலும் படாததை ஒரு விமானம் காட்டிக் கொடுத்துவிட்டது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கவே 2017-இல் இங்கே டுராங்கோவிலிருந்து வால்சன்பர்க் வரை ஒரு நெடுஞ்சாலையில் 220-க்கும் மேற்பட்ட குறிகள் பதித்து, லெவல், ஜி.பி.எஸ்., ஈர்ப்பு எல்லாம் எடுத்தார்கள். இரவில் நட்சத்திரங்களைப் படம் பிடித்து, மலை தூக்குக்குண்டை எந்தப் பக்கம் இழுக்கிறது என்றுகூட அளந்தார்கள். பிறகு 14 குழுக்கள் ஒரே தரை, விமான அளவுகளை வாங்கிக்கொண்டு தனித்தனியாக ஜியாய்டு கணக்கிட்டு அந்தக் குறிகளில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தன. வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். இவ்வளவு மலைக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த வாரம் வுல்ஃப் கிரீக் கணவாய்க்குத் தரை அளவெடுக்கப் போகிறோம், பனி மூடுவதற்குள். 3,300 மீட்டர் உயரம். கிராவிமீட்டருக்கு வண்டியில் பின்சீட், சீட் பெல்ட்டும் உண்டு. என் மடியில் சாப்பாட்டுப் பை. கருவி காட்டும் எண் நேரம் ஆக ஆக மெல்ல நகரும் என்பதால், கிளம்பிய புள்ளிக்கே சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி படிக்க வேண்டும். எவ்வளவு களைத்திருந்தாலும் தொடங்கிய புள்ளிக்கே திரும்பிச் சரிபார்த்து குளோஸ் பண்ணாமல் வீட்டுக்கு வரமாட்டீர்களே, அது ஞாபகம் வருகிறது.

ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பழைய ஃபீல்டு புக் பரணில் இருந்தால், குளோசிங் எரர் (திரும்பி வந்து பார்க்கும்போது வரும் பிசகு) எழுதிய பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலதிகாரிக்குக் காட்ட வேண்டும். தேடுகிறேன் என்று நீங்களே ஏணியில் ஏறாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்