டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம், பில் பணத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் காப்பீட்டில் கேஷ்லெஸ் அனுமதியை (நோயாளி கையிலிருந்து கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும் முறை) ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் உத்தரவிட்டது. நோயாளிகளுக்கு நல்ல காரியம்தான். ஆனால் அனுமதித்த பணம் ஆஸ்பத்திரிக்கு எப்போது வந்து சேர்கிறது என்று யாரும் பேசக் காணோம்.

நான் காரைக்குடிப் பக்கம் 12 படுக்கை உள்ள நர்சிங் ஹோம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். (10 லட்சத்துக்குக் குறைவாக மக்கள் உள்ள ஊரில் 10 படுக்கையாவது வேண்டும் என்பது காப்பீட்டு விதி. அதற்காகவே நர்சிங் ஹோமை நடத்தும் டாக்டரம்மா தன் ஓய்வறையையும் வார்டாக மாற்றினார்.) முன்பெல்லாம் வீட்டுக்குப் போகும்போதே பில்லைக் கட்டிவிடுவார்கள். இப்போது பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் பாலிசி எடுத்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி நீங்கியபின் கார்டோடு வருகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

சமீபத்தில் வாந்தி, காய்ச்சலோடு ஓர் ஆச்சியை ராத்திரியில் சேர்த்தோம். ‘புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம்’ என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். ஆளில்லாத வீட்டில் அந்நேரம் அவருக்கு யார் டிரிப்ஸ் போடுவதாம்? ஏற்றுக்கொள்ளும் பில்லிலும் கையுறை, பஞ்சு என்று கழிப்பார்கள். மருந்து விலையும் சேர்ந்த மொத்தத் தொகைக்கு 10 சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கு கொடுத்த பிறகு திரும்பி வரும், சரி; மருந்து சப்ளை செய்கிறவரும் நர்சுகளும் அதுவரை காத்திருப்பார்களா? பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. ரேட்டும் பேசி வாங்குவார்கள். நாங்களோ காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய தாளில் அப்படியே கையெழுத்துப் போடுகிறோம்.

பர்மா வரை போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த சீமை இது. நாள் தள்ளினால் வட்டி ஏறும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் தள்ளிப்போட்ட நாளுக்கு மட்டும் எங்களுக்கு ஒரு பைசா வட்டி வந்ததில்லை.

சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டப்படி சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு எங்களிடம் இருக்கிறது. இருந்தும் புகார் கொடுக்க டாக்டரம்மாவுக்குத் தயக்கம். கேஷ்லெஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க் பட்டியலிலிருந்து காப்பீட்டு நிறுவனம் எங்களைத் தூக்கிவிட்டால், கார்டு வைத்திருக்கும் அத்தனை பேரும் மதுரைக்குத்தான் போவார்கள்.

ஆகவே சின்ன ஆஸ்பத்திரிக்காரர் புகார் கொடுத்துப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லாதபடி, இந்த 45 நாள் கெடுவையும் வட்டியையும் ஐஆர்டிஏஐ தன் விதியிலேயே எழுதிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதி தாமதமானால் கூடுதல் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று எழுதியவர்களுக்கு இது முடியாத காரியமில்லை.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் ஹோம் கணக்கர்,
காரைக்குடி.