மின்சுற்று இணைப்பைப் பெண்களும் கொடுக்கலாமே?

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எங்கள் குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பையன் என்றால் யோசிக்காமல் கணக்கு, இயற்பியல். பெண் பிள்ளை அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும், "பிசிக்ஸ் கஷ்டம்மா, காமர்ஸ் எடுத்துக்கோ" என்கிறார்கள்.

ஆர்வம் வற்றுவது ஆய்வகத்தில்தான் என்பது என் எண்ணம். இருபாலர் பள்ளி ஒன்றில் மின்சாரம் பற்றிய ஓம் விதி செய்முறையைப் பார்த்தேன். பேட்டரி, அம்மீட்டர், ரியோஸ்டாட் எல்லாவற்றையும் இணைத்தது பையன்கள். அளவுகளைக் கேட்டு அட்டவணை போட்டது பெண்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஒயரையே தொடாத பிள்ளைக்கு மின்சுற்று எப்படிப் பிடிபடும்?

சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலத் திட்டத்தை வழிநடத்திய நிகார் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். 2018, 2020, 2023 ஆண்டுகளில் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் பெண்களும் உண்டு. பள்ளி ஆசிரியர்களே, வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

செய்முறையில் இணைப்பு கொடுப்பவரை வாராவாரம் மாற்றுங்கள். அப்புறம், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்குண்டு. குரூப் முடிவாகும் முன்பே, ஒன்பதாம் வகுப்பிலேயே, மாணவிகளை அங்கே அழைத்துப் போகக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு தாய், குடியாத்தம்