பதின்மூன்று எபிசோடில் பதினொன்றோடு நிற்கிறோம்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், முலுண்ட் மேற்கு, மும்பை
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி
பொருள்: ‘டெரியர்ஸ்’ தொடரை முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கியது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

போன வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து, வழக்கம்போல ஒன்பதரை மணிக்கு நானும் அப்பாவும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பன்னிரண்டாவது எபிசோட் பார்க்க வேண்டிய நாள். உங்கள் செயலியைத் திறந்தால் தொடரையே காணவில்லை. பெயரை மாற்றி மாற்றி அடித்துத் தேடினேன். பாதி பார்த்தவற்றின் வரிசையிலும் இல்லை. முந்தின நாள் இரவு வரை இருந்தது.

உங்கள் சாட்டில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பதில் வந்தது: உரிமம் முடிந்துவிட்டதாம், இதுபோன்ற வேறு தொடர்களைப் பார்க்கலாமாம். கூடவே மூன்று கொலைவழக்குத் தொடர்களின் பெயர்கள். அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். நீக்கியது என்ன தொடர் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை என்று தோன்றியது.

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் 2010 செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் 1-ஆம் தேதி முடிந்த தொடர் அது. மொத்தமே 13 எபிசோட். டெட் கிரிஃபின் உருவாக்கியது, ஷான் ரயன் அவரோடு சேர்ந்து நடத்தியது. சான் டியேகோவின் ஓஷன் பீச்சில் லைசென்ஸ் இல்லாமல் துப்பறியும் வேலை பார்க்கும் இரண்டு பேர்தான் கதை. ஹேங்க், குடியால் போலீஸ் வேலையை இழந்து, இப்போது குடியை விட்டவர். பிரிட், முன்னாள் திருடன். டொனால் லோக்கும் மைக்கேல் ரேமண்ட்-ஜேம்ஸும் இந்த இருவராக நடிப்பதாகவே தெரியாது, ஒரு பழைய டிரக்கில் ஒன்றாகச் சுற்றித் திரிகிறார்கள், அவ்வளவுதான். துப்பறிவாளர் என்றால் எல்லாம் தெரிந்த மனிதராகத்தானே காட்டுவார்கள்? இவர்கள் தப்பாகக் கணிக்கிறார்கள், அடி வாங்குகிறார்கள், பணம் இல்லாமல் தவிக்கிறார்கள். சின்ன வழக்கு என்று நினைத்துத் தொட்டது ஒரு பெரிய நில வியாபாரியிடம் கொண்டுபோய் விடுகிறது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் என்ற பெயரில் பில்டர்கள் ஒவ்வொரு குடியிருப்பு சொசைட்டியாக வந்து போகும் இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்தால், எங்கோ கலிஃபோர்னியாவில் நடக்கிற கதை மாதிரியே இருக்காது.

போன வருடம் இதை ஆபீஸ் போகவர லோக்கல் ரயிலில், ஃபோனில், தனியாகப் பார்த்து முடித்தேன். உங்கள் செயலியில்தான். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது 74. மாத நாவல்கள் காலத்திலிருந்தே துப்பறியும் கதை என்றால் உயிர். ஆங்கில வசனம் பிடிபடாத இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். நாற்பது நிமிட எபிசோடுக்கு எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

ஹேங்குக்கு ஸ்டெஃப் என்று ஒரு தங்கை. மிகவும் அறிவாளி, மனநோயால் பாதிக்கப்பட்டவள். அண்ணன் வீட்டுப் பரணில் அவருக்கே தெரியாமல் தங்கியிருக்கிறாள். நடித்த கரீனா லோக், டொனால் லோக்கின் சொந்தச் சகோதரி. ஸ்டெஃபைக் கண்டுபிடித்ததும் ஹேங்க் திட்டவில்லை, துரத்தவில்லை. அந்த எபிசோட் முடிந்ததும் அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். திருநெல்வேலி வீட்டின் பின்கட்டு அறையில் தன் தங்கை எட்டு வருடம் எப்படி இருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அப்படி ஒரு அத்தை இருந்தது தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவர் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உங்கள் மூன்று பரிந்துரைகளில் எது இதைச் செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

இந்தத் தொடர் ஏன் ஒரே சீசனோடு போனது என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் மிகக் குறைவு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் பெயரைக் கேட்டவர்களுக்கு இது என்ன தொடர் என்று புரியவில்லை. டெரியர் என்றால் ஒரு வகை நாய். எலி, நரியை வளைக்குள் புகுந்து பிடிக்கும், விடவே விடாது. கதைக்கு மிகப் பொருத்தமான பெயர்தான். ஆனால் விளம்பரத்திலும் நாயையே போட்டார்கள். சரி, அது அவர்கள் செய்தது. நீங்களும் அதே நாய்ப் படத்தை வைத்து, இரண்டு வரிக் குறிப்புகூட இல்லாமல் ஒரு மூலையில் போட்டிருந்தீர்கள். நானே தற்செயலாகத்தான் தொட்டேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. நிறுத்தியபோது எஃப்எக்ஸ் தலைவர் ஜான் லாண்ட்கிராஃப் தானே பத்திரிகையாளர்களிடம் பேசி, ஏன் நிறுத்துகிறோம் என்று விளக்கினார். முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, பார்த்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். காசு கட்டிப் பார்க்கும் எங்களுக்கு நீங்கள் ஒரு வாரம் முன்னால் ஒரு வரி போட்டிருந்தால் போதும். மீதி இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து முடித்திருப்போம். சந்தா புதுப்பிக்க மட்டும் பத்து நாள் முன்பிருந்தே தினமும் செய்தி வருகிறதே.

அந்தக் கடைசி எபிசோட் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். டிரக் ஒரு சிக்னலில் நிற்கிறது. ஒரு பக்கம் போனால் பிரிட் சிறைக்கு, இன்னொரு பக்கம் போனால் இரண்டு பேரும் ஊரை விட்டே ஓடலாம். எந்தப் பக்கம் என்று சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். போன வருடம் அந்த இடத்தில் மூச்சு விடுவதற்குள் உங்கள் செயலி திரையைச் சுருக்கி வேறொரு படத்தின் டிரெய்லரை ஓட்டியது. அப்பா பார்க்கும்போது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தடுக்க வேண்டும் என்று இருந்தேன்.

நான் கேட்பது இதுதான். தொடரை மறுபடி கொண்டுவர முடியுமா, முடியும் என்றால் எப்போது என்று எழுத்தில் சொல்லுங்கள். முடியாது என்றால், மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், இனி எதை நீக்கினாலும் அதைப் பாதியில் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் முன்னால் தெரிவியுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

முடிவைக் கதையாகச் சொல்லட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். “வேண்டாம்மா, வரட்டும், பாத்துக்கலாம்” என்கிறார். இன்றும் ஒன்பதரைக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே இதை அனுப்புகிறேன். பதிலும் அதற்கே வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்
முலுண்ட்