டைகருக்கு ஒண்ணுதான் என்கிற சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுச்சு. குறுவை அறுப்பு, கொள்முதல் நிலையத்துல நெல்லைக் காயப்போட்டுக் காவல் கிடந்தது, இதிலேயே ஐப்பசி ஓடிடுச்சு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பட்டாமணியார் பொண்ணுக்கு இடம் அமைஞ்சாச்சு. மாப்பிள்ளையை நேர்ல பார்த்துட்டு நீயே சிரிச்சுக்கோ.

விஷயத்துக்கு வரேன். உன் நாய் டைகருக்கு ஒரு விதைதான் வெளியில தெரியுது, "பாதி வேலையைச் சாமியே முடிச்சுட்டார், ஆபரேஷன் செலவு மிச்சம்"னு எழுதியிருந்தே. எங்க நாய் கருப்பனுக்குக் காயடிச்ச ஆபரேஷன் தையல் பிரிக்க ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட இதை வேடிக்கையா சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு.

குட்டிக்கு 2 மாசத்துலயே பொதுவா ரெண்டும் இறங்கிடுமாம். 6 மாசம் தாண்டியும் இறங்கலைன்னா தொடையிடுக்குலயோ வயித்துக்குள்ளயோ தங்கிடுச்சுன்னு அர்த்தம். உடம்புச் சூட்டுல அதுல விந்து உண்டாகாது. ஆண் ஹார்மோன் மட்டும் சுரந்துகிட்டே இருக்கும். வயசானா அந்த விதையிலதான் புற்றுநோய் வர வாய்ப்பு பல மடங்கு. சில நாய்க்கு உள்ளேயே முறுக்கிக்கிட்டு உயிர்போற வலி வருமாம். வெளியில தெரியறதை மட்டும் எடுத்துட்டு உள்ளே இருக்கறதை விட்டா என்ன பிரயோஜனம்? ஸ்கேன் பார்த்து, தேவைன்னா வயித்தைத் திறந்து எடுக்கணும். இது வம்சாவளியா வர்ற குறை, அதனால டைகரை இணை சேர்க்காதே. உன் மச்சினன் குட்டி கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கட்டும்.

அதுக்காக நாளைக்கே தூக்கிட்டு ஓடாதே. லாப்ரடார், 8 மாசம்தான் ஆகுது. அந்த ஹார்மோன்தான் எலும்பு வளர்ச்சியை நேரத்துக்கு முடிச்சு வைக்குமாம். பெரிய ஜாதி நாய்க்கு ஒரு வயசுக்குள்ள எடுத்தா பின்னாடி மூட்டுக் கோளாறு வர வாய்ப்பு கூடுது. எப்போ செய்யலாம்னு டாக்டரையே கேளு. ஆனா 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு நீ வருஷக்கணக்கா இழுக்கிற ஆளு, அதான் பயமா இருக்கு.

உங்கப்பா கவலைக்கு வரேன். காயடிச்ச மாடு மாதிரி சாதுவாயிடும், காவல் போயிடும்ங்கறாரா? கருப்பனை வந்து பார்க்கச் சொல்லு, தபால்காரர் இன்னமும் வேலிக்கு அந்தாண்டைதான் நிக்கிறார். குறைஞ்சது, பொட்டை நாய் வாசம் பிடிச்சுப் பாமணியாத்தைத் தாண்டி ஓடறதுதான். அதுவும் உடனே இல்லை, சில வாரம் ஆச்சு. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல சினைப்படுத்தவும் முடியுமாம், ஒரு மாசத்துக்கு மேல கட்டியே வைக்கணும். பயத்துல கடிக்கிற நாய்க்கு மட்டும் இது மருந்தில்லை. சிலதுக்கு அந்தப் பயம் கூடவும் செய்யுமாம்.

தையலை நக்காம இருக்கக் கழுத்துல புனல் மாட்டி விடுவாங்க. கருப்பன் அதோட ராத்திரியெல்லாம் அண்டாவுல இடிச்சுக்கிட்டுத் திரிஞ்சான், வீட்டுல யாருக்கும் தூக்கமில்லை. அப்புறம் சோறு. பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும். வழக்கமா போடறதுல கால் பங்கு வரை கழிச்சுட்டுப் போடணும். உங்கம்மா தயிர்சாதம் உருட்டிப் போடறதை நிறுத்த வைக்கிறதுதான் உனக்குப் பெரிய ஆபரேஷன்.

ஸ்கேன் எடுத்ததும் எழுது. ஒரத்தநாட்டுலயே செய்யறதா இருந்தா முதல் நாளே நம்ம வீட்டுக்கு வந்துடு. காலையில வெறும் வயித்தோடதான் கூட்டிட்டுப் போகணும். டைகரைச் சொன்னேன், உனக்கு இட்லி உண்டு.

அன்புடன்,
முரளி