ஃபைபரில் வரும் தொலைக்காட்சி: முதல் மாத அனுபவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு ஐப்பசி மாதம் ஃபைபர் கேபிள் வந்தது. இணைய இணைப்பையும் கட்டணத் தொலைக்காட்சியையும் ஒரே கம்பியில் தருவதாகச் சொன்ன நிறுவனத்திடம் இணைப்பு வாங்கி இன்றோடு முப்பது நாள் ஆகிறது. மாறலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கும் வாசகர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதம் விளம்பரமாகவும் ஆகக் கூடாது, வசையாகவும் ஆகக் கூடாது.

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று செட்டாப் பாக்ஸ்கள் கிடக்கின்றன. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது பெட்டி என்ற ஒன்றே தேவைப்படவில்லை. ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, சேவையை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி பரண் ஏறியது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும்படி பெட்டிகள் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. எங்கள் பரணுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே, 'பெட்டியே வேண்டாம் சார், ஸ்மார்ட் டிவியில் ஆப் இருந்தால் போதும்' என்று புதியவர்கள் சொன்னதுதான் என்னை முதலில் இழுத்தது. அம்மாவின் அறையில் இருக்கும் பழைய டிவிக்கு மட்டும் ஒரு பெட்டி வாங்கியாக வேண்டும் என்பது பணம் கட்டிய பிறகு தெரிந்தது.

படத்தின் தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் இணைப்பு வாங்கியதும் நல்லதாகப் போயிற்று. டிஷ் வைத்திருப்பவர்கள் அறிவார்கள், வானம் இருண்டு கொட்டத் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு வந்து நிற்கும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை வழியிலேயே மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்வதால் வரும் கோளாறு அது. ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. நான் எதிர்பாராத இன்னொரு வசதி, மின்சாரம் நின்ற நேரங்களில் தெரிந்தது. பழைய கேபிளில் நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயன் இருக்காது, ஏனென்றால் தெருக்கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மின்சாரம் வேண்டும். இந்த வகை ஃபைபரில் தெருவில் இருப்பது ஒளியைப் பிரித்து அனுப்பும் ஒரு சிறு பெட்டி மட்டுமே, அதற்கு மின்சாரமே தேவையில்லை. மோடத்தையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டேன். ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் தெருவே இருட்டாக இருந்தபோதும் எங்கள் வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செயலி வழியே வரும் படம் சிறு சிறு துண்டுகளாக வந்து சேர்ந்து, கொஞ்சம் சேமிக்கப்பட்ட பிறகுதான் திரையில் ஓடத் தொடங்குகிறது. எதிர்வீட்டு டிஷ்ஷில் விக்கெட் விழுந்து ஆரவாரம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குகிறார்.

அம்மாவுக்கு எண்பது வயது. சேனல்களை அவர் பெயரால் அறிவதைவிட எண்ணால்தான் அறிவார். இன்னமும் பொதிகை என்றே அவர் சொல்லும் டிடி தமிழுக்கு ஓர் எண், நெடுந்தொடருக்கு ஓர் எண், பக்திப் பாடலுக்கு ஓர் எண் என்று கை தானாகப் போய் அழுத்தும். புதிய ரிமோட்டில் எண்களே இல்லை. படங்களின் வரிசையில் நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும், அல்லது மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும். "நம்பர் போட வழியில்லாத ரிமோட் எதுக்குடா?" என்று அவர் கேட்டதற்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்திலும் பதில் கிடைக்கவில்லை. ஒரே மொழிச் சேனல்கள் வகைவாரியாக அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் உள்ள விதி. இங்கே தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே போஜ்புரி பாடல் சேனல் வருகிறது.

நான் இந்தக் கடிதத்தை எழுத உண்மையான காரணம் கட்டணச்சீட்டுதான். 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது எத்தனையோ குழப்பங்கள் இருந்தன. கட்டணம் குறையும் என்று நம்பிய பலருக்கு அது கூடத்தான் செய்தது. இருந்தாலும் அந்த முறை ஒரு நன்மை செய்தது: எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்தது. அப்போது 100 சேனல்கள் வரை இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அறிவிக்கப்பட்ட தனி விலை. 999-ஆம் எண்ணை அழுத்தினால் அந்த விலைப்பட்டியல் திரையிலேயே வரும். இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் நீக்கிவிட்டாலும், சேனல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை நீங்கவில்லை.

புதிய சேவையின் சீட்டில் இருப்பது ஒரே வரி: 'பேக்' இவ்வளவு, ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் இணையத்துக்கு எவ்வளவு, தொலைக்காட்சிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஐந்நூறு சேனல்களுக்கு மேல் தருகிறார்களாம். இந்த முப்பது நாளில் எங்கள் வீட்டில் பார்த்தவற்றை ஒரு தாளில் குறித்து வந்தேன், பதினான்கு தேறின. அந்தப் பதினான்கை மட்டும் கொடுங்கள் என்று கேட்டதற்கு, இது கேபிள் இல்லை, ஆப் என்று பதில் வந்தது. இணையவழித் தொலைக்காட்சியான ஐபிடிவி, கேபிளையும் டிடிஎச்சையும் போலவே டிராயின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அதே சேனல்கள் செயலி என்ற பெயரில் வந்தால் அந்த விதிகள் பொருந்துமா என்பதுதான் இன்றும் விவாதமாகவே இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குச் சேனல் ஒன்றுதான், மாதாமாதம் கொடுக்கும் பணமும் ஒன்றுதான். எந்தப் பெயரில் வந்தாலும் தொலைக்காட்சிக்கான தொகையையும் ஒவ்வொரு சேனலின் விலையையும் சீட்டில் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று டிராய் உத்தரவிட வேண்டும். அந்த ஒரு வரி பல வரிகளாகும் வரை ஆண்டுச் சந்தா கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷையும் இன்னும் இறக்கவில்லை. அம்மாவின் அறையில் பழைய பெட்டியும் பழைய ரிமோட்டும் அப்படியே இருக்கின்றன. புதிய பெட்டி மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.