உங்கள் 12 இங்கே 12 இல்லை, காக்கா

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். துபாயிலிருந்து நீங்கள் கொண்டுவந்து வைத்த காப்பிக் கொட்டை அரைக்கிற மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் எண்ணை 12ல் வைக்கச் சொன்னீர்களே, அந்தக் கதையைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததுமே "12ல வச்சியா இல்லையா, அதைச் சொல்லு" என்பீர்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது. ஊரே படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கீழக்கரையில் தெருவுக்கு ஒரு காக்கா, அதாவது அண்ணன், லீவில் வந்து ஏதாவது ஒரு மெஷினை இறக்கி வைத்து, ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி விமானம் ஏறிவிடுகிறார்.

12ல்தான் வைத்தேன். அந்தச் சதுரக் கால் பிளக்குக்கு அடாப்டர் வாங்கி மாட்டி, 18 கிராம் கொட்டை அரைத்து, அழுத்தி, எஸ்பிரஸோ மெஷினில் பூட்டினேன். 36 கிராம் காப்பி இறங்க 25லிருந்து 30 வினாடி ஆகணும் என்றீர்கள். 11 வினாடியில் இறங்கிவிட்டது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, வெளிறிப்போய். வாயில் வைத்தால் மீன் ஆணத்துக்குக் கரைத்து வைத்த புளித்தண்ணீர். தூள் கரகரப்பாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். காப்பியில் முதலில் கரைவது புளிப்பு; இனிப்பும் கசப்பும் வருவதற்குள் தண்ணீர் கோப்பைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

எண் குறைந்தால் தூள் நைசாகும். 8க்குக் குறைத்தேன், 16 வினாடி. 5க்குப் போனேன். மெஷின் உறுமியதே தவிர, முதல் சொட்டு விழவே அரை நிமிடம் ஆனது. விழுந்ததும் கருகிய வெந்தயக் கசப்பு. சரி, நடுவில் 7 என்று வைத்தால் 45 வினாடி. 8ல் ஓடினது 7ல் இப்படியா திணறும்? எரிச்சலில் எதையும் தொடாமல் அதே 7ல் இன்னொன்று போட்டேன். 24 வினாடி.

எனக்குக் கிறுக்குப் பிடித்தது போல ஆகிவிட்டது. டார்ச் அடித்து அரைக்கிற மெஷினின் வாய்க்குள் பார்த்தேன். தூள் வெளியே வருகிற வழியெல்லாம் பழைய தூள் அப்பியிருந்தது. மில்லில் மிளகாய் அரைக்கக் கொடுத்தால் முந்தின ஆளுடைய மல்லி நம் பாத்திரத்தில் கொஞ்சம் விழுமே, அதே கதை. 7 என்று நினைத்து நான் குடித்ததில் ஒரு பங்கு 5ல் அரைத்தது. எண்ணை மாற்றினால் முதல் 3, 4 கிராமை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், அப்புறம்தான் நமக்கு. இதை நீங்கள் சொல்லவே இல்லை. அந்த 3 கிராமை வீணாக்க மனசு வராமல் கால் கிலோ பாக்கெட்டில் பாதியைத் தொலைத்தேன்.

இப்போது உங்கள் 12க்கு வருகிறேன். பெட்டி கட்டுவதற்கு முன் மேல் பர்ரை, அதாவது கொட்டையை அரைக்கிற பல் வளையத்தை, கழற்றி பிரஷ் போட்டதாக நீங்கள்தானே சொன்னீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் திரும்பத் திருகும்போது மரை வேறு இடத்தில் பிடித்தால், வெளியே எண் அப்படியே இருக்கும், உள்ளே இரண்டு பர்ருக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிவிடும். கொட்டை போடாமல், மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு கோடாகக் குறைத்தேன். (ஓடும்போதுதான் குறைக்கணும். நின்றிருக்கும்போது குறைத்தால் நடுவில் மாட்டிய தூள் நெரிந்து இறுகிக்கொள்ளும்.) 0ஐயும் தாண்டி இரண்டு கோடு கீழே போனதும் 'சிர்' என்று உரசியது. துபாயில் உங்களுக்கு 4லேயே உரசியது என்றீர்கள். அப்படியானால் உரசும் இடத்திலிருந்து உங்கள் 12 எட்டுக் கோடு, என் 7 ஒன்பது கோடு. நாம் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கிறோம்!

மிச்சம் உள்ள அந்த ஒரு கோடு கொட்டையால் வந்தது. நீங்கள் குடிப்பது இளம் வறுவல் எத்தியோப்பியா. அது கல் மாதிரி, இன்னும் நைசாக அரைக்கணும். என்னிடம் இருப்பது கொஞ்சம் அதிகமாகவே வறுத்த சிக்மகளூர். தொட்டால் நொறுங்குகிறது.

காற்றும் வேறு. அங்கே ஏசி அறையில் தூள் பறந்து ஒட்டுகிறது என்று கொட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பீர்களே, இங்கே அதற்கு வேலையே இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஜன்னல் கம்பியே பிசுபிசுக்கும். அதனால் மேல் தொட்டியில் கொட்டையைக் கொட்டி வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் 18 கிராம் நிறுத்துத்தான் போடுகிறேன். பர் எஃகு என்பதால் அதில் ஈரத்துணிகூடப் படுவதில்லை, பிரஷ் மட்டும்தான். பாக்கெட் பழசாகப் பழசாக அதே எண்ணில் வேகமாக இறங்கும். அப்போது ஒரு கோடு குறைக்கிறேன். 18ஐயும் 36ஐயும் தொடுவதில்லை. முதல் நாள் அதையும் சேர்த்து மாற்றி, எதனால் எது ஆனது என்று தெரியாமல் முழித்தேன்.

நேற்று சுபுஹு தொழுகைக்கு அப்புறம் போட்டேன். உம்மா பக்கத்தில் நின்றிருந்தார். முதலில் இரண்டு சொட்டு, பிறகு கருப்பட்டிப் பாகு கரண்டியிலிருந்து வழிகிற மாதிரி ஒரே இழை, அரக்கு நிறத்தில். கடைசியில் நிறம் வெளிற ஆரம்பித்தது. தொதல் இனிப்பு கிண்டின கை அல்லவா, நான் போனில் வினாடியைப் பார்ப்பதற்குள் "பதம் போகுது, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். 28 வினாடி. தராசில் 35 கிராம்.

புளிப்பு இருந்தது, ஆனால் பழப் புளிப்பு. பின்னாலேயே ஒரு கருக்கல் இனிப்பு. உம்மாவுக்கும் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு நாளா கரண்டை எரிச்ச?" என்று கேட்டுவிட்டு ஃபில்டருக்கு வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

அடுத்த லீவில் வரும்போது அரை கிலோ எத்தியோப்பியா எடுத்து வாருங்கள். அரைக்கிற மெஷினை மட்டும் கழற்றாதீர்கள்.

உங்கள் தங்கை
கீழக்கரை