வசந்திக்கு, பளு தூக்குவது பற்றி

வேலூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மாவட்ட வாலிபால் அணிக்குத் தேர்வானதைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். ஆனால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நீ தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்குவதில்லை என்று எழுதியிருந்தாயே, அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் வயதுப் பெண்கள் கனமான எதையும் தொடக் கூடாது என்று உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சில மாதங்களாகப் பார்பெல், அதாவது இரு முனைகளிலும் எடைத் தட்டுகள் மாட்டும் நீண்ட கம்பியைக் கொண்டு பயிற்சி கற்றுவருகிறேன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பளுதூக்குதல் புதிதன்று. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர்தான். நான் கற்பது அவரைப் போன்ற போட்டியாளர்கள் செய்யும் ஸ்னாட்சோ (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க்கோ (முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) அன்று. தோளில் பாரத்தை ஏற்றி உட்கார்ந்தெழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கி நிற்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் உயர்த்தும் பிரஸ் ஆகியவையே என் பாடம்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது டெட்லிஃப்ட். கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே இருக்கும்படி நின்று, இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து, கம்பியைப் பிடித்து, மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்கி, முதுகு வளையாமல் காலால் தரையை அழுத்தி எழ வேண்டும். கம்பி காலை உரசியபடியே மேலே வரும். ஓர் அங்குலம் முன்னே விலகினாலும் கீழ்முதுகில் கூடுதல் சுமை விழுவதை உடனே உணரலாம். பெண்களுக்கான கம்பி 15 கிலோ. பெரிய தட்டுகள் மாட்டினால்தான் அது தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும் என்பதால், தொடக்கத்தில் வெறுங்கம்பியை மரக்கட்டைகள் மேல் வைத்துத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பார்பெலின் பெருஞ்சிறப்பு, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடிவதுதான். ஒரு கையில் பிடிக்கும் 5 கிலோ டம்பெல்லிலிருந்து அடுத்த 7.5 கிலோவுக்குப் போனால் சுமை ஒரே தாவலில் பாதியளவு ஏறிவிடுகிறது. 40 கிலோ பார்பெல்லில் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு சேர்த்தால் ஏறக்குறைய ஆறு விழுக்காடுதான் கூடுகிறது. அந்தச் சிறு கூடுதலை உடல் தாங்கிப் பழகி, அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறது. முதல் சில வாரங்களில் தசை அதிகம் பெருக்காமலேயே வலு கூடும். இருக்கிற தசையை முழுமையாக இயக்க நரம்பு மண்டலம் அப்போதுதான் கற்கிறது.

உன் எலும்புக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்று எலும்பின் அடர்த்தியும் குறைந்திருந்த பெண்களில் ஒரு பிரிவினர், பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இருமுறை அரைமணி நேரம் வீதம் எட்டு மாதங்கள் டெட்லிஃப்ட், ஸ்குவாட், பிரஸ் ஆகியவற்றைக் கனமான எடையில் செய்ததோடு, குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்த மற்றப் பிரிவினரைவிட இவர்களுக்கு முதுகெலும்பிலும் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியிலும் அடர்த்தி தெளிவாக மேம்பட்டிருந்தது. எலும்பும் உயிருள்ள பொருள்தானே, வசந்தி! தாங்க வேண்டிய பாரம் வந்தால்தான் அது தன்னைக் கட்டிக்கொள்கிறது.

அன்றாடப் பயனை வீட்டிலேயே காண்கிறேன். நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோ. முன்பெல்லாம் யாராவது வரும்வரை காத்திருப்பேன். இப்போது நானே நகர்த்தி மாட்டுகிறேன், கேனை நானே ஸ்டாண்டில் ஏற்றுகிறேன். கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுகிறேன், இதுதான் எனக்குப் பெரிது. உனக்குச் சர்க்கரையும் இருப்பதால் இன்னொன்று: இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும்.

மகளுக்கும் இது உதவும். ஸ்பைக் அடிக்க எழும்போது நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் தரையை எவ்வளவு விசையுடன் உதைக்கிறாளோ, அவ்வளவு உயரம்தான் கிடைக்கும். அந்த விசையை ஸ்குவாட் வளர்க்கும், அதை வேகமாக வெளிப்படுத்தக் குதிக்கும் பயிற்சியும் கூடவே வேண்டும். போட்டிப் பருவத்தில் எடையை ஓரளவு தக்கவைத்துக்கொண்டு தூக்கும் எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். வளர்ச்சி நின்றுவிடும் என்று உன் மாமியார் அஞ்ச வேண்டாம். தகுதியானவர் அருகிருந்து முறையாகக் கற்பித்தால் வளரிளம் பருவத்தினருக்கு இது பாதுகாப்பானதே. உடல் பெருத்துவிடும் என்பதும் வீண் கவலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானு போட்டியிட்டது 49 கிலோ உடல் எடைப் பிரிவில். கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவர் தூக்கியது 115 கிலோ.

நீ தொடங்குமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேள்: முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு ஏதும் இருக்கிறதா, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் சற்று நேரம் ஏறும் என்பதால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதே. அவர் சம்மதித்தால், 15 கிலோ கம்பியும் 1.25 கிலோ தட்டுகளும் உள்ள ஜிம்மாகப் பார்த்துச் சேர். பெரிய தட்டுகள் மட்டுமே உள்ள இடம் உனக்கு ஆகாது. முட்டை, பயறு, தயிர் தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும். மருத்துவர் சொன்னதை உடனே எழுது.

அன்புடன்,
கமலா